ஆத்தூர் அருகே

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தால் யுத்தம் ஞாபகம் வருவதுதான் இயற்கை. 1755-இல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து இறங்கியது அதன் அடிவாரத்தில்தான். 1767-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மறு வருஷமே ஹைதர் மீட்டார். 1783-இல் மறுபடி போயிற்று. 1784-இல் மங்களூர் உடன்படிக்கையின்படி திப்புவிடம் திரும்பிற்று. 1790-இல் மூன்றாம் தடவையாகவும் விழுந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கை சீமையையே கம்பெனியாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது.

மை காயாத அதே வருஷத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள் இந்த வழியாக வந்தார்கள். சண்டை போட அல்ல, வரி வாங்கவும் அல்ல, படம் போட!

மூத்தவர் தாமஸ் டேனியல். வயது நாற்பத்து மூன்று. இங்கிலாந்தில் கோச்சு வண்டிகளுக்கு வர்ணம் பூசித் தொழில் பழகியவர். இளையவர் வில்லியம், அண்ணன் மகன். வயது இருபத்து மூன்று. உறவு இப்படி இருந்தாலும், 1786-இல் கல்கத்தாவில் வந்து இறங்கியது முதல் ஊர் ஊராக ஒன்றாகவே அலைந்து, கடைசியில் நண்பர்களைப் போலத்தான் ஆகியிருப்பார்கள். ஒரே வழியில், ஒரே வெயிலில் வருஷக் கணக்கில் நடந்த பிறகு சிற்றப்பாவாவது, மகனாவது!

தெற்கே வரக் கையில் பணமில்லை. கல்கத்தாவில் தங்கள் படங்களை லாட்டரிக்கு விட்டுச் செலவுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஓசூர், ராயக்கோட்டை, சங்ககிரி என்று மைசூர் யுத்தம் நடந்த இடங்களைப் பார்த்தார்கள். பிறகு திருச்சி, திண்டுக்கல், மதுரை, பாபநாசத்து அருவி. களக்காட்டுப் பக்கத்திலிருந்து கன்னியாகுமரி முனையையும் எழுதினார்கள்.  1793 ஜனவரியில் சென்னைக்குத் திரும்பிவிட்டார்கள்.

இருட்டுப் பெட்டி ஒன்று கூடவே வந்தது. அதில் ஒரு கண்ணாடி வில்லை. வெளியே உள்ள மலையும் கோபுரமும் உள்ளே காகிதத்தின்மேல் விழும். விழுந்த உருவத்தைப் பென்சிலால் ஒற்றி எடுத்துக்கொள்வார்கள். ஊர் திரும்பிய பிறகு அவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி, 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டார்கள். முழுத் தொகுதியின் விலை 210 பவுன். வாங்க முடியாதவர்களுக்கும் வழி பிறந்தது: பீங்கான்காரர்கள் அவற்றைப் பார்த்து, சாப்பாட்டுத் தட்டுகளில் நம் கோயிலையும் குளத்தையும் நீல மையில் அச்சடித்து விற்றார்கள்.

அந்த 144-இல் ஒன்றின் பெயர், ‘திண்டுக்கல் சீமையில் ஆத்தூர் அருகே’ என்பது. ஒரு டிராயிங் மாஸ்டர் நண்பரும் நானும் அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு செம்பட்டி வழியாக ஆத்தூர் போனோம். மலையடிவாரத்தில் இன்று காமராசர் அணை இருக்கிறது. படுக்கையும் அரிசியும் காரில் ஏற்றிக்கொண்டு போய், நீரோரத்தில் ஒரு தோப்பில் இரவு தங்கினோம். கொசுக்கடியைத் தவிர எல்லாம் ரம்மியந்தான்.

விடிந்ததும் நண்பர் நகலை மலைக்கு நேரே பிடித்துக்கொண்டு, “என்ன சாந்தம் பார்த்தீரா, ஸார்! யுத்தம் நடந்த பூமி என்று யாராவது சொல்ல முடியுமா?” என்றார்.

எனக்கு உறுத்தியதும் அதுதான். மூன்று தடவை பட்டாளம் மிதித்த சீமை. அந்தப் பட்டாளங்களுக்கு நெல்லும் மாடும் கொடுத்தது இந்தக் கிராமங்களாகத்தானே இருக்க வேண்டும்? சாந்தம் வரவும் இல்லை. விருப்பாட்சி கோபால நாயக்கர் கம்பெனியை எதிர்த்து நின்றார்; 1801-இல் திண்டுக்கல்லில் அவரைத் தூக்கிலிட்டார்கள். டேனியல்கள் வந்துபோய் அப்போது ஒன்பது வருஷந்தான் ஆகியிருந்தது.

அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். பாறையின் வெடிப்பையும் ஆலம் விழுதையும் அவ்வளவு உண்மையாக எழுதியவர்கள் குறைவு. இன்று இல்லாமற்போன எத்தனையோ மண்டபங்களை அவர்கள் காகிதத்தில்தான் பார்க்கிறோம். ஆனால் படங்களில் மனுஷர்கள் சிறியவர்கள். மலை எத்தனை பெரிது என்று காட்டுவதற்காக நிற்கிறவர்கள். பல்லக்குச் சுமந்த போயிகள், கூடாரம் அடித்தவர்கள், உலை வைத்தவர்கள் இவர்களில் ஒருவர் பெயரையாவது படத்தின் அடியில் காணோம். கதை எழுதுகிறவனுக்கு அந்தப் போயிகளில் ஒருவன் கிடைத்தால் போதும், ஒரு நாவலே எழுதிவிடலாம். வெள்ளைக்காரத் துரை ஒரு பாறையைப் பெட்டிக்குள் வைத்து அரை நாள் உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவன் என்ன நினைத்திருப்பான்?

நண்பர் பதில் சொல்லவில்லை. மலையைப் பார்ப்பதும் நகலைப் பார்ப்பதுமாக இருந்தார். ஆடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த ஒரு பெரியவர், நண்பர் கையிலிருந்த காகிதத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“என்னங்கய்யா, நெலத்தை அளக்க வந்தீகளா?” என்று கேட்டார்.