கல் வருமுன் விழுந்தவர்கள்



இன்று 2022 ஜூலை 5, இரவு. இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் பாடம் நடத்தியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா? சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படியுங்கள்.

நாளை மாலை பிரான்ஸ் நாட்டில் ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கிறது. "சாருக்கு எதற்கு பிரெஞ்சுக்காரன் சைக்கிள்?" என்று சிலர் கேட்பீர்கள். இருபது வருடத்துக்கு மேல் சைக்கிளில் பள்ளிக்கு வந்தவன் நான். அது போகட்டும். நாளைய பந்தயத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

டூர் தெ பிரான்ஸ் என்பது மூன்று வாரம் நடக்கும் பந்தயம். 1903இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கியது. தினமும் ஓர் ஊரில் புறப்பட்டு இன்னோர் ஊரில் முடிப்பார்கள். 21 நாள் ஓட்டத்தின் நேரத்தையும் கூட்டி, யாருக்கு மிகக் குறைவோ அவரே வெற்றியாளர். முன்னணியில் இருப்பவர் மஞ்சள் சட்டை போட்டுக்கொள்வார். இந்த வருடம் 176 பேர் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் புறப்பட்டார்கள். முதல் மூன்று நாளும் இரண்டாம் இடமே வாங்கிய பெல்ஜியத்துக்காரர் வவுட் வான் ஆர்ட், இன்று கலே நகரில் தனியாகப் பறந்து வந்து ஜெயித்தார். மஞ்சள் சட்டை அவரிடம்தான் இருக்கிறது.

நாளைக்கு ஐந்தாம் நாள். லில் நகரில் தொடங்கி ஆரன்பெர்க் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் முடிகிறது. 157 கி.மீ. மலை கிடையாது, பெரிய ஏற்றம் கிடையாது. ஆனாலும் நாளையை நினைத்து இன்று இரவு தூக்கம் வராத வீரர்கள் நிறைய இருப்பார்கள். காரணம், வழியில் 11 இடங்களில் கல் பாவிய பழைய வண்டிப்பாதைகள் வருகின்றன. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 20 கி.மீ. அந்தக் கல்பாதையை பிரெஞ்சில் 'பாவே' என்கிறார்கள். தமிழில் நாம் கல் 'பாவுவது' என்கிறோம். இரண்டுக்கும் உறவு ஏதும் இல்லை, தற்செயலான ஒற்றுமைதான். ஆனாலும் சொல்லிப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

இந்தக் கற்களின் கதையைச் சொல்லாமல் நாளைய பயம் புரியாது.

வடக்கு பிரான்ஸ் கரிசுரங்கமும் நெசவாலையும் பீட்ரூட் வயலும் நிறைந்த பூமி. ஈர மண்ணில் பாரவண்டி புதையாமல் இருக்க, மணல் பரப்பி, அதன்மேல் கனமான கருங்கற்களை வரிசையாகப் பதித்து சாலை போட்டார்கள். ரூபே என்ற நெசவாலை நகரத்தில் தெயோதோர் வியென், மொரிஸ் பெரே என்ற இரண்டு முதலாளிகள் ஒரு சைக்கிள் மைதானம் கட்டினார்கள். அதற்குக் கூட்டம் சேர்க்க 1896இல் பாரிசிலிருந்து ரூபே வரை ஒரு பந்தயம் வைத்தார்கள். அதுதான் இன்றுவரை வசந்த காலத்தில் ஒரே நாளில் நடக்கும் பாரிஸ்–ரூபே. முதல் வருடம் ஜெயித்தவர் ஜெர்மனியின் யோசெப் ஃபிஷர்.

அந்தப் பந்தயத்துக்கு 'வடக்கின் நரகம்' என்று ஒரு பெயர் உண்டு. கல் குலுக்கும் குலுக்கலால் வந்த பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. முதல் உலகப் போர் முடிந்ததும், 1919இல் பந்தயத்தை மறுபடி நடத்த வழி இருக்கிறதா என்று பார்க்கப் போனவர்கள், குண்டு விழுந்த பள்ளங்களையும், கருகி நின்ற அடிமரங்களையும், தரைமட்டமான ஊர்களையும் கண்டார்கள். அதைக் கண்டவர்கள் எழுதிய சொல்தான் நரகம். அந்த வருடமே பந்தயம் நடந்தது. ஆன்ரி பெலிசியே ஜெயித்தார். ஆனால் பாரிஸ்–ரூபேயை 1909, 1910, 1911 என்று தொடர்ந்து மூன்று முறை வென்ற ஒக்தாவ் லப்பீஸ் உயிரோடு இல்லை. போர் விமானியாகப் போய் 1917இல் இறந்துவிட்டார். 1913இல் வென்ற ஃப்ரான்சுவா ஃபாபெர் 1915இல் போர்முனையில் இறந்தார்.

2014இல் டூர் தெ பிரான்சின் கல்பாதை நாள் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் தொடங்கியது. போரின் நூறாவது ஆண்டுக்கு அஞ்சலியாக அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே மெனின் வாயில் என்று ஒரு நினைவு வளைவு இருக்கிறது. புதைத்த இடம் தெரியாத 54,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதில் செதுக்கியிருக்கின்றன. இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன சிப்பாய்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. ஆக, அந்தப் பூமி நமக்கு முழுக்க அந்நியம் இல்லை.

போருக்குப் பிறகு என்ன ஆயிற்று? கார்கள் பெருகின. ஊர்த் தலைவர்களுக்குக் கல்பாதை வெட்கமாகப் போயிற்று. நம் ஊரில் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி எழுப்புகிற மாதிரி, ஒவ்வோர் ஊரிலும் கல்லின் மேல் தார் ஊற்றினார்கள். 1960களில் பந்தயத்துக்குக் கல்லே மிஞ்சாது போலிருந்தது. அப்போது வழிகாட்டியவர் ஜான் ஸ்தாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதிலேயே சுரங்கத்தில் வேலைக்குப் போனவர், பிறகு சைக்கிளேறி 1962இல் உலகச் சாம்பியன் ஆனார். ஆரன்பெர்க் காட்டுக்கு நடுவே, சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாகப் போகும் ஒரு கல்பாதையை அவர் காட்டினார். 1968இல் பந்தயம் முதன்முறை அதன் வழியே போனது. எந்தப் பாதைக்குக் கீழே கரி வெட்டினாரோ, அதே பாதைக்கு மேலே சைக்கிள் ஓட்டினார் அந்த மனிதர். 2007இல் காலமானார். காட்டின் நுழைவாயிலில் அவருக்கு நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள். ஆரன்பெர்க் சுரங்கத்தை 1989இல் மூடிவிட்டார்கள். 2012இல் அந்தச் சுரங்கப் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெட்கப்பட்டு மறைத்த கல்லை இன்று பொக்கிஷமாகப் பாதுகாக்கிறார்கள். 'பாரிஸ்–ரூபே நண்பர்கள்' என்ற சங்கம் இதற்கென்றே இயங்குகிறது. ரேம் என்ற ஊரின் தோட்டக்கலைப் பள்ளி மாணவர்கள், பெயர்ந்த கற்களைத் தங்கள் கையாலேயே திரும்பப் பதிக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி இதுதான். சரித்திரப் பாடத்தை இதைவிட நன்றாக எப்படி நடத்துவது?

நாளை வீரர்கள் அந்தக் காட்டுப் பாதைக்குள் போகவில்லை. அதன் அருகிலேயே பந்தயம் முடிகிறது. சுற்றுவட்டாரத்து வயல்களுக்கு நடுவே உள்ள கல்பாதைகள்தான் நாளைய வழி.

கல்லில் ஓட்டுவது எப்படி? வழக்கத்தைவிட அகலமான டயர் போடுவார்கள், காற்றைக் குறைத்து வைப்பார்கள். ஹேண்டில்பாரில் இரட்டைப் பட்டை சுற்றுவார்கள். வழிநெடுக ஆட்கள் மாற்றுச் சக்கரத்தோடு நிற்பார்கள். ஓட்டும் முறையோ, பார்க்கிறவர்களுக்கு நேர்மாறாகத் தோன்றும். மெதுவாகப் போனால் ஒவ்வொரு கல் இடுக்கிலும் சக்கரம் இறங்கி ஏறும். வேகமாகப் போனால் கல்லின் தலைமேல் மிதந்து போய்விடலாம். அதைவிட முக்கியம், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுக்கினால் அதிர்ச்சி முழுக்கத் தோளுக்கு ஏறும், சக்கரமும் வழி தவறும். பிடி தளர்வாக இருக்க வேண்டும். மலையேறுவதில் கெட்டிக்காரர்களான ஒல்லி ஆட்களுக்கு இது பழக்கமில்லாத வித்தை. மூன்று வாரப் பந்தயத்தை ஜெயிக்கக்கூடியவர்களும் பெரும்பாலும் அந்த ஒல்லி ஆட்கள்தான். அதனால்தான் பயம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

2018 ஜூலை 15. மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று இரவு உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டி. அதற்குக் காத்திருந்த நேரத்தில் கணினியில் இந்தப் பந்தயத்தைப் போட்டுக் காட்டினான். அராசிலிருந்து ரூபே வரை, 15 கல்பாதைகள். ஆஸ்திரேலியாவின் ரிச்சி போர்ட், அந்த வருடம் ஜெயிப்பார் என்று எதிர்பார்க்கப்பட்டவர்களில் ஒருவர், தோளைப் பிடித்தபடி சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். காரை எலும்பு முறிந்துவிட்டது. "கல்லு ரொம்ப மோசம்போல" என்றேன். மகன் சொன்னான், "கல்லு இன்னும் வரவே இல்லப்பா." பந்தயம் தொடங்கிப் பத்து கிலோமீட்டர்கூட முழுதாக ஆகவில்லை. நல்ல தார்ச் சாலை.

பிறகு பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். 2014இல், முந்தைய ஆண்டு டூரை வென்ற கிறிஸ் ஃப்ரூம் இப்படித்தான் வெளியேறினார். முந்தைய நாளே கீழே விழுந்து மணிக்கட்டில் அடி. ஈப்ரில் புறப்பட்ட அன்று நல்ல மழை. கல் வருவதற்கு முன்பே இரண்டு முறை விழுந்து, காரில் ஏறிவிட்டார். அந்த வருடம் அவர் சக்கரம் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. 2004இல் ஸ்பெயினின் இபான் மாயோவும் முதல் கல்பாதைக்கு முன்னாலேயே விழுந்து, அன்று நான்கு நிமிடம்போல இழந்தார்.

கல்லில் விழுந்தவர்களும் உண்டு. 2010இல் ஃப்ராங்க் ஷ்லெக் கல்லிலேயே விழுந்து காரை எலும்பை முறித்துக்கொண்டார். ஆனால் இந்த மூவரை மட்டும் யோசித்துப் பாருங்கள். கல்பாதை குறுகல். முன்னால் இருப்பவன் தப்பித்தான், பின்னால் இருப்பவன் மாட்டினான். ஆகவே முதல் கல் வருவதற்கு முன்பே நூற்றைம்பது பேருக்கு மேல் முதல் இருபது இடத்துக்கு முட்டி மோதுகிறார்கள். காதில் வைத்த கருவியில் பயிற்சியாளர் "முன்னே போ, முன்னே போ" என்று விரட்டுகிறார். ஒரு சக்கரம் இன்னொரு சக்கரத்தை உரசினால் போதும். வரப்போகிற கல்லைப் பற்றிய பயமே நல்ல சாலையில் ஆளைத் தள்ளிவிடுகிறது.

அதே 2014இல் இத்தாலியின் நிபாலி என்ன செய்தார்? மலை வீரர்தான். மழை காரணமாக இரண்டு கல்பாதைகளை நீக்கிவிட்டார்கள், மீதி ஏழும் சேறு. அவர் மூன்றாவதாக வந்தார், ஜெயித்தவர் லார்ஸ் பூம். மூன்று வாரம் கழித்து பாரிசில் மஞ்சள் சட்டையோடு நின்றவர் நிபாலி. கல் எல்லோருக்கும் எமன் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது.

1990களில் ஒரு கிராமத்து நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்பு எனக்கு. கரும்பலகையின் மூலையில் தினமும் எழுதுவேன்: 'முழுஆண்டுத் தேர்வுக்கு இன்னும் 40 நாள்.' மறுநாள் 39. பிள்ளைகளை முடுக்கிவிடுவதாக நினைப்பு. "எட்டில் போட்டால் போட்டதுதான்" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வேன். மனக்கணக்கில் கெட்டிக்காரனான ஒரு பையன் இருந்தான். எழுத்துதான் வராது. பலகையில் 9 என்று எழுதிய அன்று அவன் வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா சொன்னார், "பெயிலாயிருவேன்னு பயந்துக்கிட்டு மாமன்கூட திருப்பூருக்குப் போயிட்டான் சார்." அந்த வருடம் கணக்குத் தாள் சுலபம். அவனைவிடக் குறைவாகப் படித்தவர்கள் எல்லாரும் தேறினார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டதும் இந்தக் கைதான்.

அதன்பிறகு பலகையில் நான் நாள் எண்ணவில்லை. அடுத்து வந்த வகுப்புகளுக்கு அது தெரியாது. அவனுக்கு அதனால் பயனும் இல்லை.

இதை இன்று ஏன் எழுதுகிறேன் என்றால், இன்னும் 12 நாளில், 17ஆம் தேதி, நீட் தேர்வு. நம் குடும்பத்திலேயே என் தங்கை பேத்தி எழுதுகிறாள். இங்கே இருக்கும் என் பழைய மாணவர்கள் சிலருக்கும் எழுதப்போகிற பிள்ளைகள் உண்டு. குடும்பக் குழுவில் தினமும் பார்க்கிறேன்: "இன்னும் 14 நாள்", "இன்னும் 13 நாள்", "விட்டுடாதே கண்ணு". அன்பாகத்தான் போடுகிறீர்கள், தெரியும். நானும் அன்பாகத்தான் பலகையில் எழுதினேன்.

தேர்வு கல்பாதைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு மதியம், சில மணி நேரம். அதற்கு முன்னால் இருக்கும் 12 நாளும் நல்ல தார்ச் சாலை. அந்தப் பிள்ளைகள் அதில் விழாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை. அவளுக்குப் போன் செய்தால் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று மட்டும் கேளுங்கள். எத்தனை மார்க் வரும் என்று கேட்காதீர்கள்.

நாளை நம் நேரம் மாலை ஐந்து மணிக்கு மேல் பந்தயம் புறப்படும். ஏறக்குறைய பாதி தூரம் போன பிறகுதான் முதல் கல் வருகிறது. போன இரண்டு வருடமும் டூரை வென்ற ஸ்லோவேனியாவின் போகாச்சார், அவர் நாட்டுக்காரரே ஆன ரோக்லிச், டென்மார்க்கின் விங்கெகோர், மூவரில் யார் தப்புவார், யார் மாட்டுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கவனிக்கப்போவது அந்த முதல் கல்லுக்கு முந்தைய சில கிலோமீட்டரைத்தான்.

திருப்பூருக்குப் போன தம்பிக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். யார் மூலமாவது இது உன் கண்ணில் பட்டால், தம்பி, நீ தேறியிருப்பாய். அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு.

அன்புடன்,
உங்கள் பழைய எட்டாம் வகுப்பு ஆசிரியர்