சொந்தமாகச் செய்த காருக்கு ஒரு டேஷ்போர்டு



"டேஷ்போர்டுக்குத் தமிழில் என்ன போடலாம்?" என்று மலர்க்குழு நண்பர் கேட்டார். கருவிப் பலகை, முகப்புப் பலகை என்று ஏதாவது எழுதலாம்தான். ஆனால் ஓசூர் ஒர்க்ஷாப்பிலும் சரி, எங்க ஊர் சிங்காரப்பேட்டை மெக்கானிக் கடையிலும் சரி, அது டேஷ்போர்டுதான். ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

அந்தச் சொல் காருக்கும் மூத்தது. குதிரை வண்டியில் குளம்படியில் கிளம்பும் சேறு வண்டிக்காரர் மேல் அடிக்காமல் இருக்க, முன்னால் ஒரு பலகையையோ தோலையோ நிறுத்தி வைப்பார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். 1901-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார் வந்தபோது குதிரை போய்விட்டது, பலகை மட்டும் அழகாக வளைந்து அங்கேயே நின்றது. அந்தக் காருக்குப் பெயரே 'கர்வ்டு டேஷ்'. சேறு அடிக்க முன்னால் குதிரை இல்லாதபோது அந்தப் பலகை எதற்கு? அந்த இடத்தைத்தான் பிற்பாடு மீட்டர்கள் பிடித்துக்கொண்டன.

1902-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ட்ஸே ஸ்பீடோமீட்டருக்குப் பேட்டன்ட் வாங்கினார். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. அதை மூடினாற்போல ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை. காந்தம் சுற்றச் சுற்ற, கிண்ணத்தில் எடி கரண்ட் உண்டாகி அதையும் கூடவே இழுக்கிறது. ஒரு மெல்லிய ஸ்பிரிங் "போதும், நில்" என்று பிடித்து நிறுத்துகிறது. கிண்ணத்தோடு சேர்ந்த முள் வேகத்தைக் காட்டுகிறது. இரண்டாம் ஆண்டில் படித்து, பரீட்சை முடிந்ததும் நாம் மறந்த எடி கரண்ட் இதுதான். ஏறக்குறைய நூறு வருஷம் உலகத்துக் கார்களெல்லாம் இந்த ஒரு யோசனையில்தான் வேகம் பார்த்தன.

மற்றவை மெதுவாக வந்தன. 1908-ல் வந்த ஃபோர்டு 'மாடல் டி' காரில் பெட்ரோல் அளவு பார்க்க மீட்டர் கிடையாது. சீட்டைத் தூக்கி டேங்குக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். 1912-ல் பேட்டன்ட் ஆன பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானியோ ரேடியேட்டர் மூடியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. டிரைவர் சீட்டிலிருந்தபடியே அதை எட்டிப் பார்த்துக்கொள்வார். டேஷ்போர்டு இல்லாமலும் கார் ஓடும். ஆனால் டிரைவர் எதையெல்லாம் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பதை ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். பெரிய கம்பெனியில் அதற்கு ஒரு டிபார்ட்மென்டே உண்டு. கையில் காசில்லாமல் சொந்தமாகக் கார் செய்கிறவன் தானே முடிவு செய்ய வேண்டும்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. நாங்கள் நான்கு பேர், எல்லாரும் நம் மெக்கானிக்கல் பிரிவு, சிங்காரப்பேட்டையில் என் மாமாவின் மாந்தோப்பு ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னக் கார் செய்து வருகிறோம். இரும்புக் குழாயில் சேஸிஸ், பழைய மாருதி 800-ன் என்ஜினும் கியர்பாக்ஸும், ஃபைபர் பாடி. ஓசூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிப் போய் இதைச் செய்கிறோம் என்றால் வீட்டில் என்ன பேர் கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கிட் கார் என்பது இங்கிலாந்துச் சரக்கு. காலின் சாப்மன் 1948-ல் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்துத் தன் முதல் காரைச் செய்தார். அதிலிருந்துதான் லோட்டஸ் கம்பெனி வளர்ந்தது. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் காரைப் பெட்டியில் துண்டு துண்டாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். முழுக் காருக்கு இருந்த வரி, துண்டுகளுக்கு இல்லை. பூட்டுவது எப்படி என்று புத்தகம் போட்டுக் கொடுத்தால் வரி வரும் என்பதால், கழற்றுவது எப்படி என்று புத்தகம் கொடுத்து, 'பின்னாலிருந்து படித்துக்கொள்' என்றார்களாம். உண்மையோ கட்டுக்கதையோ, கேட்க நன்றாக இருக்கிறது. 1973-ல் அங்கே வரிமுறை மாறியதும் அந்த லாபம் போய்விட்டது. ஆனால் கிட் கார் போகவில்லை. அந்தக் காரின் டேஷ்போர்டு சும்மா ஒரு தட்டையான தகடு, அதில் வட்ட ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு மீட்டர். இன்றும் உலகத்தில் கையில் கார் செய்கிற எவனும் முதலில் போடும் படம் அதுதான். நாங்களும் அதைத்தான் போட்டோம்.

நம் பக்கத்துக்கு வருவோம். கோவை ஜி.டி. நாயுடுவை நமக்கெல்லாம் தெரியும். 1937-ல் நம் நாட்டில் முதல் மின் மோட்டார் செய்ததில் பங்குள்ளவர். அவர் 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். செலவு 2,000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை, கார் அத்தோடு நின்றது. என்ஜினும் பாடியும் தகராறு செய்து நிற்கவில்லை, காகிதத்தில் நின்றது. கோவை போகிறவர்கள் அவர் பெயரிலுள்ள ஜிடி கார் மியூசியத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். 2015-ல் திறந்தார்கள்.

அடுத்தது நமக்கு இன்னும் பக்கம், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் பெங்களூர். 1970களில் அங்கே சன்ரைஸ் என்ற கம்பெனி 'பாதல்' என்று ஒரு மூன்று சக்கரக் கார் செய்தது. ஃபைபர் பாடி, 198 சிசி என்ஜின். அதே கம்பெனி பிறகு சிபானி என்று பெயர் மாறி, 1982-ல் 'டால்ஃபின்' காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ரிலையன்ட் கம்பெனி செய்த 'கிட்டன்' காரின் மறுபிறவி அது. 848 சிசி, இரண்டு கதவு, இதற்கும் ஃபைபர் பாடிதான். அடுத்த ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. அதன் பிறகு டால்ஃபின் பக்கம் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆனால் எடை குறைவு என்பதால் ரேஸ்காரர்களுக்கு மட்டும் அதன் மேல் ஆசை விடவில்லை.

டால்ஃபினை இங்கே இழுத்ததற்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. தகடு பாடியில், பேட்டரியின் நெகட்டிவ் பாடியோடு சேர்ந்திருக்கும். மீட்டருக்கு எர்த் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கினால் போதும். ஃபைபரில் மின்சாரம் போகாது. ஒவ்வொரு மீட்டருக்கும், ஒவ்வொரு பல்புக்கும் தனியாக எர்த் ஒயர் இழுத்து, எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, அங்கிருந்து தடிமனான ஒயராக சேஸிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். எர்த் சரியில்லாத ஃபைபர் காரில் இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் கூடவே ஆடும். ஃபைபர் பாடி செய்யும் தம்பிகள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆள் கரிவர்தன். இவரும் கோவை. டால்ஃபினும் மாருதியும் ஓடிய அதே 1980களில், விலை குறைந்த ரேஸ் கார் இருந்தால்தான் சாதாரணப் பையனும் ரேஸ் ஓட்ட முடியும் என்று நினைத்தார். மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைக் கார்கள் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய நரேன் கார்த்திகேயன், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தது அந்த வகைக் காரில்தான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த 2.1 கிலோமீட்டர் ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்: கரி மோட்டார் ஸ்பீட்வே. என்னைக் கேட்டால், இந்த வரிசையில் நமக்கு நிஜமான முன்னோடி அவர்தான். எல்லாரிடமும் இருக்கிற ஒரு காரின் உறுப்புகளை எடுத்து, யாரிடமும் இல்லாத ஒரு காரைச் செய்தார்.

ரேஸ் கார் டேஷ்போர்டில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே ஸ்பீடோமீட்டரே பெரும்பாலும் இருக்காது. நடுவில் பெரியதாக ஆர்.பி.எம். மீட்டர், ஓரத்தில் ஆயில் பிரஷர், தண்ணீர் சூடு, அவ்வளவுதான். பழைய ரேஸ்காரர்கள் ஆர்.பி.எம். மீட்டரையே திருகி வைப்பார்கள், சிவப்புக் கோடு நேர் மேலே வரும்படி. படிக்க வேண்டாம், முள் நிமிர்ந்தால் கியர் மாற்று.

மீட்டர் எங்கிருந்து வந்தது? நம் நாட்டில் சொந்தமாகக் கார் செய்தவர்கள் யாரும் மீட்டர் செய்யவில்லை. என்ஜினுக்குப் பிஸ்டன் கடைந்தாலும் கடைவார்கள், ஸ்பீடோமீட்டருக்கு ஹேர் ஸ்பிரிங் சுற்ற முடியாது. அது கடிகார வேலை. 1970களில் கோவையில் பிரீமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், அதாவது இன்றைய பிரிக்கால், வந்த பிறகு மீட்டர் நம் மாநிலத்திலேயே தயாரானது. ஓசூரில் 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட்டும் லேலண்ட் தொழிற்சாலையும் வந்தன. வண்டிகள் பெருகப் பெருகப் பழைய மீட்டர்களும் பெருகின. சென்னை புதுப்பேட்டை, பெங்களூர் ஜே.சி. ரோடு. நம்மைப் போன்றவர்களுக்கு டேஷ்போர்டு அங்கேதான் விளைகிறது.

இனி எங்கள் பலகை. இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. மீட்டர் ஓட்டைகளை லேத் பட்டறை அண்ணன் போட்டுக் கொடுத்தார். "இத்தனை ஓட்டை எதுக்குப்பா, சல்லடையா செய்யறீங்க?" என்றார். ஸ்பீடோமீட்டர், பெட்ரோல், சூடு மூன்றும் மாருதி 800-ல் கழற்றியவை. வார்னிங் லைட்டுகள் நான்கு. ஒயர், ஃப்யூஸ், ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது.

எங்களில் ஒருவன் பெரிய 13 அங்குல வீல் போட ஆசைப்பட்டான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாருதியின் 145/70 R12 டயரின் விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர். 155/80 R13 போட்டால் 578. அதாவது நூற்றுக்குப் பதினான்கு பங்கு பெரிது. கேபிளுக்கு டயர் மாறியது தெரியாது. முள் 60 காட்டும்போது கார் 68-ல் போய்க்கொண்டிருக்கும். பழைய 12 அங்குலத்தையே வைத்துக்கொண்டோம். தோப்புப் பாதையில் 100 மீட்டர் டேப் பிடித்து அளந்து, முள்ளை 30-ல் நிறுத்தி ஸ்டாப்வாட்ச் அழுத்தினோம். கணக்குப்படி 12 விநாடி. அதை ஒட்டியே வந்தது.

சார்ஜ் லைட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேட்டரி படம் போட்ட அந்தச் சிவப்புப் பல்பு வெறும் அலங்காரம் இல்லை. சாவி திருப்பியதும் ஆல்டர்னேட்டரை எழுப்பும் முதல் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பைப் பிடுங்கிவிட்டாலோ, அழகுக்காக அந்த இடத்தில் எல்.இ.டி. போட்டாலோ, ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றாமலே இருந்துவிடலாம். எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் பக்கத்தில் பொருத்தமான ரெசிஸ்டர் ஒன்று வைக்க வேண்டும்.

இப்போது படிக்கும் தம்பிகள் சிரிப்பார்கள் என்று தெரியும். 2005-ல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ போர்டு இருக்கிறது, ஏழு அங்குலத் திரை இருக்கிறது, எதற்கு இந்தப் பழைய முள் என்று. திரையை நான் குறை சொல்லவில்லை. காயிலின் நெகட்டிவிலிருந்து துடிப்பை எண்ணினால் ஆர்.பி.எம். கிடைக்கும். நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு, 3,000 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 100. எழுத எளிய புரோகிராம்தான். ஆனால் மேலே கூரையில்லாத காரில், சித்திரை வெயிலில், திரையில் உங்கள் முகம்தான் தெரியும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி வோல்ட் இறங்கி, திரை அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். என்ஜின் பிடித்த முதல் சில விநாடிகளில்தான் ஆயில் பிரஷர் வந்ததா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் திரை தன் கம்பெனிப் பெயரைக் காட்டிக்கொண்டிருக்கும்! ஆகவே திரை வையுங்கள், பக்கத்திலேயே ஆயிலுக்கு ஒரு சாதாரண பல்பும் வையுங்கள். திரையின் விலையைப் பார்த்தால் பல்பின் விலை ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்று, சொல்லத்தான் வேண்டும். இந்தக் காரை ரோட்டில் ஓட்ட முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைக் கம்பெனி செய்த விவரத்திலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புதிதாகச் செய்த வண்டி என்றால் அதன் மாதிரியை அரசு ஒப்புக்கொண்ட நிலையத்தில் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கார் செய்யப்போகும் கம்பெனிக்கு அது சரி. ஒரே ஒரு கார் செய்கிறவனுக்கு? இங்கிலாந்தில் 1998 முதல் அப்படிப்பட்ட ஒற்றைக் காரையும் சோதித்து நம்பர் கொடுக்க ஒரு முறை இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு வாசல் இல்லை. பாதுகாப்புக்குச் சட்டம் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. 1952-ல் நாயுடுவுக்கு மூடிய கதவு, இன்றும் ஷெட்டில் கார் செய்கிறவனுக்கு மூடித்தான் இருக்கிறது என்பது மட்டும் வருத்தம்.

திறந்திருப்பது மாணவர்களுக்கான வாசல். 2007 முதல் நடக்கும் பாஹா போட்டியும், கரி டிராக்கில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியும் அதுதான். நம் கல்லூரிப் பையன்கள் இந்த ஆண்டு ஒரு வண்டி கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல செய்தி. பழைய மாணவர்கள் கூட்டத்தில் வசூல் செய்து திரை வாங்கித் தரலாமா என்று பேச்சு அடிபடுகிறது. தரலாம். அதற்கு முன்னால் கில் ஸ்விட்ச், ஃப்யூஸ் பாக்ஸ், நல்ல ஒயர் மூன்றுக்கும் பணம் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் திரை வாங்குவோம்.

மீட்டர் வாங்கப் புதுப்பேட்டை போகிறவர்களுக்கு ஒன்று. மீட்டரை மட்டும் பேரம் பேசி வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். டேங்கில் இருக்கும் மிதவை சென்டரையும், சூட்டுக்கான சென்டரையும் அதே வண்டியிலிருந்து கழற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு கம்பெனி சென்டர் டேங்க் காலியானால் 10 ஓம் காட்டும், நிறைந்தால் 180. இன்னொன்று காலிக்கு 0, நிறைந்தால் 90. மாற்றிப் போட்டால் அரை டேங்குக்கு முன்பே முள் 'ஃபுல்'லைத் தொட்டு நிற்கும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒரு மல்டிமீட்டர் கையோடு கொண்டுபோங்கள்.