பழத்தட்டும் தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணமும்: மூன்று கோடைகளின் கதை

கோடை வந்தால் உறவுக்காரர்கள் வருவார்கள். உறவுக்காரர்கள் வந்தால் பழம் நறுக்க வேண்டும். புதுவையில் இது எழுதாத சட்டம். எந்தக் கோடை என்று கேட்டால்தான் சிக்கல். நமக்குக் கோடை என்பது சித்திரை, வைகாசி. பிரான்சுக்குப் போய்விட்ட நம்மவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட். இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ரெயூனியோன் தீவில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் போய்ச் சேர்ந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகளுக்கோ கோடை டிசம்பரில் வருகிறது. மூன்று இடத்திலும் விருந்தாளிகள் கூடினால் ஒரு தட்டில் பழம் நறுக்கி வைத்து, பக்கத்தில் தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் வைக்கிறார்கள். அந்தத் தட்டும் கிண்ணமும் வந்த வழியைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

இப்போது பிள்ளைகள் இதை 'ஃப்ரூட் பிளாட்டர்' என்கிறார்கள். என் வயதுக்காரர்கள் சிலர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று முகம் சுளிக்கிறார்கள். வேறு சிலர், "எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்" என்று அடித்துச் சொல்கிறார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன். எந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. ஆகவே தட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் நம்முடையது. மா, பலா, வாழை என்ற முக்கனியில் சந்தேகமில்லை. பலாச்சுளையைத் தேனில் தோய்த்துத் தின்பதும், வாழைப்பழத்தைப் பிசைந்து வெல்லமும் நெய்யும் தேனும் பேரீச்சையும் சேர்த்துப் பஞ்சாமிர்தம் ஆக்குவதும் நம் வழக்கம். பழத்துக்குத் துணையாக இன்னொன்று வேண்டும் என்ற எண்ணம் நமக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

பெயர்களைப் பாருங்கள். பிரெஞ்சில் மாம்பழம் 'மாங்க்'. நம் பக்கத்து 'மாங்காய்' போர்த்துக்கீசியர் வாயில் 'மாங்கா' ஆகி, அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போனது. பலா அவர்களுக்கு 'ஜாக்'. மலையாளத்தின் 'சக்க'தான் அது. 'ஒராஞ்ஜ்' என்ற சொல் அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போய், நம் நாரத்தையின் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. பள்ளியில் எங்கள் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் பழம் என்றால் ஆப்பிள், பேரிக்காய், செரி. செரிப்பழத்தை வண்ணப் படத்தில் பார்த்ததோடு சரி. ஜன்னலுக்கு வெளியே மாமரம் நிற்கும். புத்தகத்துக்குள் அது வராது. அந்த மாமரத்தின் பெயர் புத்தகத்தின் மொழிக்குள் ஏற்கனவே புகுந்திருக்கிறது என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்து வந்தேறிகள். இந்தப் பட்டியல் பலரைத் திடுக்கிட வைக்கும். அன்னாசி, கொய்யா, பப்பாளி, சப்போட்டா, சீத்தாப்பழம், முந்திரி எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 16ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் ஐரோப்பியர் கப்பல்களில் வந்தவை. 'அன்னாசி' என்பது பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் சொல். போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. பண்ருட்டிப் பக்கம் மைல் கணக்கில் நிற்கும் முந்திரித் தோப்பைப் பார்த்தால், அது உலகம் தோன்றிய நாளிலிருந்து அங்கேயே இருப்பது போலத் தோன்றும். தர்பூசணிக்குப் பிறந்த வீடு ஆப்பிரிக்கா. பழத்தின் மேல் நாம் தூவும் மிளகாய்த்தூள்கூட அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். மிளகு போல உறைக்கும் காய் என்பதால் நம் முன்னோர் அதற்கு 'மிளகாய்' என்று பெயர் வைத்து வீட்டுப்பிள்ளை ஆக்கிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பழம் என்ற முறையைப் பிரெஞ்சுக்காரர்கள் பெரிய கலையாகவே வளர்த்தார்கள். 'தெஸேர்' என்ற சொல்லின் வேர், மேசையைத் துடைத்து எடுப்பது என்ற பொருளுள்ள வினைச்சொல். எல்லாத் தட்டையும் எடுத்த பிறகு வருவது அது. பதினான்காம் லூயி வெர்சாயில் தமக்கென்று தனியாகப் பழத் தோட்டமும் காய்கறித் தோட்டமும் 1678 முதல் 1683 வரை போட வைத்தார். அவர் மேசையில் பழங்களைக் கோபுரமாக அடுக்கி வைப்பார்களாம். அதே காலத்தில்தான், 1674இல், பிரான்சுவா மர்த்தேன் நம் கடற்கரையில் வந்து இறங்கி இந்த ஊருக்கு அடித்தளம் போட்டார். 1736இலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பைப் படித்தால், பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகிறவர்கள் பழமும் பூச்செண்டும் கொண்டு போவதைக் காணலாம். வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நம் மரபு. அது கோட்டைக்குள்ளும் செல்லுபடியானது.

பலவகைப் பழங்களை நறுக்கிக் கலந்தால் பிரெஞ்சில் 'மசெதுவான்'. பல இனத்தார் கலந்து வாழ்ந்த மாசிடோனியா நாட்டின் பெயரை 18ஆம் நூற்றாண்டில் இப்படிப் பழக்கிண்ணத்துக்கு வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். நம் ஊருக்கே வைத்திருக்கலாம்.

குளிர்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐஸ் இல்லாத காலத்தில் கோடையில் பழத்தை ஈரத்துணி போர்த்தியோ, கிணற்று நீரில் மிதக்க விட்டோதான் குளிர்விப்பார்கள். 1833இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், அங்கே உறைந்த குளங்களிலிருந்து வெட்டிய ஐஸ் கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, நான்கு மாதக் கடற்பயணத்தில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அந்த ஐஸைச் சேமிக்க 1842இல் கட்டியது. ஒரு குளிர்ந்த பழத்துண்டுக்குப் பின்னால் இவ்வளவு பாடு இருந்தது.

இனி கிண்ணத்துக்கு வருவோம்.

நம் தலைமுறைக்குக் கல்யாண வீட்டு ஃப்ரூட் சாலட் என்றால் கஸ்டர்ட் நினைவுக்கு வரும். பாலும் முட்டை மஞ்சளும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சும் அந்தக் குழம்புக்குப் பிரெஞ்சுக்காரர்களே 'ஆங்கிலேயப் பாலாடை' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். 1837இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகச் சோளமாவில் கஸ்டர்ட் பவுடர் செய்தார். அந்த அம்மாளின் ஒவ்வாமையால்தான் முட்டை தொடாத நம் வீடுகளிலும் கஸ்டர்ட் நுழைந்தது.

அதில் மணக்கும் வனிலாவுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1826இல் தொடங்கிய நம் தாவரவியல் பூங்காவை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பெரோத்தே. 1870இல் புதுவையிலேயே காலமானார். அவர் இளைஞராக இருந்தபோது, 1819 முதல் 1821 வரை நடந்த ஒரு கடற்பயணத்தில், ரெயூனியோனுக்கு வனிலாக் கொடி கொண்டு சேர்த்த குழுவில் இருந்தவர். ஆனால் கொடி படர்ந்ததே தவிரக் காய்க்கவில்லை. மெக்சிகோவில் அந்தப் பூவை மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சி இங்கே கிடையாது. 1841இல் எத்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு சின்னக் குச்சியாலும் கட்டைவிரலாலும் அதைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தான். உலகத்து வனிலாத் தோட்டங்களில் இன்றும் அந்த முறைதான். தோட்ட முதலாளிகள் பணக்காரர் ஆனார்கள். எத்மோன் 1880இல் ஏழையாகவே செத்தார்.

1848 டிசம்பர் 20ஆம் தேதி அந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். எங்கே தேடுவது? நம்மிடம்தான் வந்தார்கள். புதுவையிலும் காரைக்காலிலும் ஐந்து வருட ஒப்பந்தத்தில் ரேகை வைத்துக் கப்பலேறியவர்கள் ஆயிரம் ஆயிரம். 1861இல் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையால் அவர்கள் ஆண்ட பகுதிகளிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். தோட்டங்களில் நடந்த கொடுமைகளைப் பற்றிப் புகார் வந்து 1882இல் ஆங்கில அரசு அதை நிறுத்தும் வரை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழர். திரும்பி வந்தவர்கள் சிலரே. அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வராது. கோயில் இருக்கிறது, தீமிதி இருக்கிறது, காவடி இருக்கிறது. மொழி மட்டும் கரைந்துவிட்டது.

நான் வேலையில் இருந்தபோது அந்தத் தீவிலிருந்து ஒரு வயதான தம்பதி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். பிரெஞ்சு தெரிந்தவன் என்று என்னிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாள் கையில் ஒரு காகித நகல்: அவருடைய பாட்டனாரின் பதிவு எண், ஒரு பெயர், ஒரு கிராமம். கப்பலில் ஏற்றியபோது எந்தக் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருந்தார்கள். பெயரை ஒருவாறு 'முனுசாமி' என்று படிக்கலாம். ஊர்ப் பெயரைத் தலைகீழாகப் பார்த்தும் புரியவில்லை. திண்டிவனம், விழுப்புரம், கடலூர் என்று வரைபடத்தைப் பரப்பி வைத்து மதியம் வரை தேடினோம். கிடைக்கவில்லை.

வெளியே வாசலில் ஒரு கிழவி பச்சை மாங்காயைக் கீற்றுப் போட்டு உப்பும் மிளகாயும் தூவி விற்றுக்கொண்டிருந்தார். அதை வாங்கித் தின்ற அந்த அம்மாள், "எங்கள் வீட்டில் மாங்காயைத் துருவி, மிளகாயும் உப்பும் இடித்துச் சேர்ப்போம். 'ருகாய்' என்போம். ஏன் அந்தப் பெயர் என்று தெரியாது" என்றார் பிரெஞ்சில். நான் "ஊறுகாய்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு தானே நான்கைந்து முறை சொல்லிப் பார்த்தார். அந்தக் காகித நகலின் பின்பக்கத்தில் தமிழில் எழுதித் தரச் சொல்லி, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பாட்டனாரின் ஊர் கிடைக்கவில்லை என்று அவர் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

பழத்தட்டைப் பற்றி "இது யாருடையது" என்று சண்டை போடுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். 1962 ஆகஸ்ட் 16க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பல வீடுகளில் அண்ணன் எழுதினார், தம்பி எழுதவில்லை. இன்று அந்த அண்ணனின் பேரன் வந்து நம் கூடத்தில் உட்காரும்போது, அவனுக்குச் சமூகவியல் பாடம் எடுக்க வேண்டாம். மிளகாய் அமெரிக்காக்காரி, மாங்காய் நம்முடையது, இரண்டும் சேர்ந்த சொல் ரெயூனியோனில் வாழ்கிறது என்று சொல்லிக்கொண்டே தட்டை நகர்த்துங்கள். கேட்பான்.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் பங்கனப்பள்ளி மாம்பழம், பலாச்சுளை, தர்பூசணி, கிர்ணிப்பழம், நுங்கு. ஜூலையில் வருகிறவர்களுக்கு நீலம் மாம்பழம், நாவல், கொய்யா, அன்னாசி. டிசம்பரில் ரெயூனியோனில் மாம்பழத்தோடு லிச்சியும் சின்ன அன்னாசியும் வைப்பார்கள். நாம் அந்த மாதம் கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு வைக்கலாம். கெட்டியான பழத்தை முதலில் நறுக்குங்கள். வாழையும் ஆப்பிளும் கடைசியில். எலுமிச்சைச் சாறு தடவினால் கறுக்காது. உப்பைத் தர்பூசணி மேல் முன்கூட்டியே போட்டால் தண்ணீர் விட்டுவிடும். நறுக்கிய பழத்தை நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

கிண்ணம் இரண்டு வையுங்கள். ஒன்று இனிப்பு: அரை லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, குளிர்பெட்டிக்குள் நான்கு மணி நேரம் தண்ணீர் வடிய விட்டு, இரண்டு கரண்டி தேனும் ஒரு சிட்டிகை ஏலப்பொடியும் கலந்து அடியுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தேனைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். மற்றது காரம்: பச்சை மாங்காய் ஒன்றைத் துருவி, பச்சை மிளகாய் இரண்டும் உப்பும் இடித்துச் சேர்த்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டுக் கலக்குங்கள். அதுதான் ருகாய். கொய்யாவுக்கும் அன்னாசிக்கும் அதற்கு மிஞ்சிய ஜோடி இல்லை. மிச்சமிருந்தால் மறுநாள் காலை பழைய சோற்றுக்கு ஆகும்.