214/2ஏ1பி: ஒரு சைட்டின் பூர்வீகம்

2006-ல் அவிநாசிக்கு வடக்கே ஆறு சென்ட் சைட் ஒன்று வாங்கினேன். பெங்களூரில் வேலை, கையில் கொஞ்சம் காசு, "மண்ணுல போட்டா வீண் போகாது" என்று அப்பா சொன்னார். அவ்வளவுதான் அன்றைக்கு நான் செய்த ஆராய்ச்சி. சர்வே எண் 214/2ஏ1பி (எண்ணை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்). அந்த எண்ணை ஒழுங்காகப் படிக்க எனக்குப் பதினெட்டு வருஷம் ஆனது.

கம்ப்யூட்டரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இருக்குமே, சர்வே எண்ணும் அதே மாதிரிதான். 214 என்பது பழைய சர்வேயில் அளந்த முழுப் புலம். திப்பு வீழ்ந்த 1799-க்குப் பிறகு கோயம்புத்தூர்ப் பகுதி கும்பெனி கைக்கு வந்தது. ஜமீன்தார் மூலமாக இல்லாமல் உழவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே வேரூன்றியது. அதற்கு ஒவ்வொரு காட்டுக்கும் ஓர் எண், ஒரு பரப்பு, ஒரு பெயர் வேண்டும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புலம் புலமாக அளந்து கல் நட்டார்கள். அதற்கப்புறம் பாகம் பிரிந்தபோதும் விற்றபோதும் எண்ணுக்குப் பின்னால் ஒரு வால் முளைத்தது. 1979-ல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் இந்த உட்பிரிவுகளை ஊர் ஊராகச் சரிபார்த்து எழுதினார்கள்.

என் சைட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களுக்கு நகல் போட்டு வாங்கினேன். 1961-ல் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. 1983-ல் அடுத்த தலைமுறை பிரித்தது. 2004-ல் ஒரு புரோக்கருக்குப் பவர். அதே வருஷம் மூணு ஏக்கர் 38 சைட் ஆனது.

1961 பத்திரத்தில் நிலத்தைப் பற்றி நாலு வரிதான். மிச்சமெல்லாம் மற்ற பாத்தியங்கள். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, இட்டேரி வழியாக மாமூல் வண்டித்தடப் பாத்தியம், மேல்காட்டு மழைத்தண்ணீர் குட்டைக்குப் போகும் வாய்க்காலை எந்தப் பாகஸ்தரும் அடைக்கக்கூடாது என்ற நிபந்தனை. 1983-லும் இதெல்லாம் அப்படியே இருக்கிறது. 2006-ல் எனக்கு எழுதிய கிரையப் பத்திரத்தில் நாலு பக்க எல்லையும் 23 அடி ரோடும் மட்டுமே. வாய்க்கால் ஒரு வார்த்தைகூட இல்லை.

விற்றவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. கிணறுகள் வற்றிப் போர் ஆழமாகிக்கொண்டே போன காலம் அது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் காட்டு வேலைக்கு ஆள் விடவில்லை. 1989-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்திப் பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது, நியாயமான சட்டம். ஆனால் மூணு ஏக்கர் மானாவாரியை ஐந்து பேர் பிரித்தால் யாருக்கும் விவசாயம் மிஞ்சாது. சைட் போட்டால் காசு மிஞ்சும்.

சட்டம் இல்லாமல் இல்லை. சென்னை மாகாணத்தில் 1920-லேயே நகரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன் இடத்தில் வந்த 1971-ம் வருஷச் சட்டம் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று நிலத்தை வகை பிரிக்க வழி செய்தது. ஆனால் பத்திரப்பதிவு, வருவாய்த்துறை, நகர் ஊரமைப்பு மூன்றும் மூன்று டேட்டாபேஸ் மாதிரி, ஒன்றுக்கொன்று பேசாமல் இருந்தன. பஞ்சாயத்துத் தலைவர் சீல் வைத்த வரைபடம் ஒன்று இருந்தாலே அன்றைக்குச் சைட் விற்றுக்கொண்டிருந்தது. என்னுடையதும் அப்படிப்பட்டதுதான்.

2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று உத்தரவிட்டது. தமிழ்நாடு முழுக்க ரியல் எஸ்டேட் ஸ்தம்பித்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைக்குக் கட்டணம் கட்டினால் வரன்முறை. புது லேஅவுட் என்றால் பத்து சதவீதம் பொது இடம் விடவேண்டும். எங்களுக்கு அதற்குப் பதில் பணம். நீர்நிலைப் புறம்போக்கில் இருந்தால் வரன்முறை கிடையாது. எங்கள் வாய்க்கால் புறம்போக்கு இல்லை, பட்டா பூமியில் ஓடியது. அரசாங்க வரைபடத்தில் அதற்குத் தனி எண்ணே கிடையாது. ஆகவே எல்லாம் சரி. நானும் பணம் கட்டி, 2018-ல் காம்பவுண்டு கட்டினேன்.

2024 ஆகஸ்ட் 17-ல் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் திறக்கப்பட்டது. அறுபது வருஷக் கோரிக்கை, 1,916 கோடி ரூபாய், 1,045 குளம் குட்டைகள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் தள்ளிக்கொண்டு வருகின்றன. எங்கள் குட்டைக்கும் குழாய் வந்தது.

அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. லேஅவுட் கடைசி ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். இருநூறு மீட்டர் தள்ளியிருக்கும் குட்டைக்கு அதில் ஒரு சொட்டும் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் கேட்டேன்.

"ஏனுங்கய்யா, இங்க முன்னாடி தண்ணி போகுமுங்களா?"

"போகுமாவா? மழை பேஞ்சா எருமை தாண்டாது கண்ணு. நீ செவுரு வெச்சிருக்கியே, அதுதான் வாய்க்கா."

பழைய பத்திரத்தைத் தேடிப் போனது அதற்குப் பிறகுதான். பத்திரத்தில் சொன்ன அளவுகளைப் புலப்படத்தில் குறித்து, அதைச் சாட்டிலைட் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். பெரியவர் சொன்னதில் ஓரடிகூடத் தப்பில்லை. எங்கோ இருக்கும் பவானித் தண்ணீர் ஆறு பம்பு தாண்டி வந்துவிடுகிறது. மேல்காட்டு மழையை மறித்து நிற்பது என் சுவர்.

வாய்க்கால் தடத்தில் மொத்தம் ஐந்து சைட். எல்லோரிடமும் பத்திர நகலைக் காட்டினேன். ஒருத்தர் ஒத்துக்கொண்டார், ஒருத்தர் யோசிக்கிறேன் என்றார், ரெண்டு பேர் "வரன்முறை ஆன சைட்டுங்க" என்றார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். நான் மேற்குச் சுவரை இடித்து ஆறடி உள்ளே தள்ளிக் கட்டிவிட்டேன். ஐந்தில் ரெண்டு திறந்தால் தண்ணீர் குட்டைக்குப் போய்விடாது என்று தெரியும்.

சைட் வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வில்லங்கச் சான்று யார் யாருக்கு விற்றார் என்று சொல்லும், அங்கீகார எண் அரசாங்கம் ஒத்துக்கொண்டதா என்று சொல்லும். அதோடு நிற்காமல், லேஅவுட் ஆவதற்கு முன்னால் எழுதிய கடைசிப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். வண்டித்தடம், வாய்க்கால், கிணறு என்று ஊருக்குப் பொதுவாக இருந்ததெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். நகலுக்கு ஆகும் செலவு சுவர் இடிக்கும் கூலியைவிடக் கம்மி.