பயிற்சிக்குப் போன கப்பல்

2019 மார்ச் 14 நள்ளிரவு. மொசாம்பிக்கின் துறைமுக நகரமான பெய்ராவை இடாய் புயல் தாக்கியது. மின்சாரம் போயிற்று, தொலைபேசி போயிற்று, சாலை அறுந்தது. மறுநாள் முதல் ஆற்று வெள்ளம் பெருகியது. பூசி ஆற்றோர ஊர்களில் கூரைமீதும் மரத்தின்மீதும் ஏறித்தான் ஜனங்கள் உயிர் பிழைத்தார்கள். அந்நாட்டில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அந்தச் சமயம் நம் கடற்படையின் முதல் பயிற்சிப் படையணி வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தது. சுஜாதா, ஷர்துல், கடலோரக் காவல்படையின் சாரதி என மூன்று கப்பல்கள். அவற்றில் மாலுமிக் கலை பழகிக்கொண்டிருந்த இளம் அதிகாரிகள். மொசாம்பிக் உதவி கேட்டதும் மூன்றும் பெய்ராவுக்குத் திருப்பப்பட்டன. வெளிநாடுகளிலிருந்து முதலில் வந்து சேர்ந்த உதவிகளில் இதுவும் ஒன்று.

இவற்றில் ஷர்துல் தனி ரகம். கொல்கத்தா கார்டன் ரீச் தளத்தில் கட்டப்பட்டு 2007 ஜனவரியில் படையில் சேர்ந்தது. டாங்கிகளோடு 500 வீரர்களை எதிரியின் கரையில் இறக்குவதற்கென்றே பிறந்த கப்பல். அதன் முகப்புக் கதவு திறந்தால் சாய்தளம் நீளும். வண்டிகள் நேராகக் கரைக்கு உருண்டு இறங்கும். போரில்லாத காலத்தில் அந்த 500 படுக்கைகளை என்ன செய்வது? பயிற்சி மாணவர்களைப் படுக்க வைக்கலாம். டாங்கித் தளத்தில்? அரிசி மூட்டை அடுக்கலாம். சண்டைக்கென்று போட்ட பணத்தில் இவ்வளவு நல்ல பலன் அபூர்வம் என்பேன்.

பெய்ராவில் உணவும் மருந்தும் குடிநீரும் இறங்கின. சேத்தக் ஹெலிகாப்டர் வெள்ளக்காட்டின்மேல் பறந்தது. ஒரே வாரத்தில் 192 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள்; மருத்துவ முகாம்களில் 1,381 பேர் சிகிச்சை பெற்றார்கள். மேலும் நிவாரணப் பொருள்களோடு மும்பையிலிருந்து ஐ.என்.எஸ். மகர் கிளம்பியது. அதுவும் டாங்கி சுமக்கும் கப்பல்தான், ஷர்துலுக்கு மூத்தது.

எந்த வகுப்பறையில் இந்தப் பாடம் கிடைக்கும்? தென்திசைக் கடலில் நட்சத்திரம் பார்த்துத் திசை கணிக்கப் போன பிள்ளைகள், வெள்ளத்தில் எல்லாம் இழந்த ஊரைப் பார்த்துத் திரும்பினார்கள்.

ஷர்துல் அதோடு ஓயவில்லை. 2020 மார்ச் 10 அன்று மடகாஸ்கரின் அன்ட்சிரானானா துறைமுகத்தில் 600 டன் அரிசியோடு போய் நின்றது. மூன்று மாதம் கழித்து, கொரோனாவில் ஈரானில் சிக்கிய 233 இந்தியர்களைப் பந்தர் அப்பாஸிலிருந்து போர்பந்தருக்குக் கொண்டுவந்து சேர்த்தது.