16, 50, 58, 2949: ஓர் அகரத்தின் பயணம்

அறுகம்பேயில் ஒரு விருந்தினர் விடுதி. வரவேற்பு மேசையில் லினக்ஸ் ஓடும் கொம்பியூட்டர். பாமினி எழுத்துருவில் பழகிய விரல் ஒன்று ‘எம்’ விசையை அழுத்துகிறது. திரையில் ‘அ’ வர வேண்டும், வரவில்லை. “கீபோட் வேல செய்யுதில்ல நானா, ட்ரைவர் போயிட்டு போல” என்று கல்முனை ரிப்பேர்காரருக்கு ஒரு போன் போகும். பெரும்பாலும் ட்ரைவர் எங்கும் போயிருக்காது. விரலிலிருந்து கோப்பு வரை போவதற்குள் அந்த அகரம் நான்கு எண்களாக மாறுகிறது. எந்த எண்ணோடு நின்றுபோனது என்று கண்டால், பழுது எங்கே என்று கண்டாயிற்று.

பயணம் தொடங்குவது விசைக்கு அடியில். மலிவான கீபோட்டுக்குள் இரண்டு பிளாஸ்ரிக் தாள்கள், அவற்றில் நிரையும் நிரலுமாக மெல்லிய மின்தடங்கள். அழுத்தினால் ஒரு நிரை ஒரு நிரலைத் தொடும். எந்த இடத்தில் தொட்டது என்று ஒரு சிறு சிப் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். கடற்கரையின் உப்புக்காற்று கைவைப்பதும் இந்தத் தடங்களில்தான். ஒரு தடம் அரித்துப்போனால் ஒரு விசை மட்டும் சாகாது. அதே தடத்தில் இருக்கும் மற்றவையும் கூடவே சாகும். ஒன்றுக்கொன்று பக்கத்தில்கூட இல்லாத நாலைந்து எழுத்துகள் ஒரே நாளில் போனால் மென்பொருளைத் தொட வேண்டாம். வேறொரு கீபோட்டைச் செருகிப் பார்த்தால் போதும்.

தடம் நன்றாக இருந்தால் முதல் எண் பிறக்கிறது: 16. யூஎஸ்பி கீபோட்டுகளின் அடிப்படை அறிக்கை எட்டு பைட் நீளம். முதல் பைட் ஷிப்ட், கண்ட்ரோல் வகையறாவுக்கு, இரண்டாவது வெறுமை, மீதி ஆறும் அந்நேரம் அழுத்தியிருக்கும் விசைகளுக்கு. ‘ஏ’ விசைக்கு 4 என்று தொடங்கும் வரிசையில் ‘எம்’முக்கு 16. விசையின் தலையில் என்ன எழுத்து அச்சிட்டிருக்கிறது என்பது கீபோட்டுக்குத் தெரியாது. அது சொல்வதெல்லாம் இடத்தை மட்டுமே.

அடுத்தது லினக்ஸின் மையமான கேர்னல். விண்டோஸிலிருந்து வருபவர்கள் தேடும் ட்ரைவர் சிடி இங்கே இல்லை. சாதாரண கீபோட், மவுஸுக்கான ட்ரைவர்கள் கேர்னலோடேயே வருகின்றன. ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளையின் பட்டியலில் கீபோட் தெரியாவிட்டால் குற்றவாளி வயரோ துவாரமோதான். தெரிந்தால், ட்ரைவர் அந்த 16ஐ வாங்கி 50 ஆக்குகிறது. ஏன் 50? 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோட் அந்த விசைக்கு அனுப்பிய எண் அது. லினக்ஸ் அந்தப் பழைய வரிசையையே தன் எண்களாக வைத்துக்கொண்டது.

50 வந்ததா என்று பார்க்க ‘இவ்டெஸ்ட்’ இருக்கிறது. ரூட் அனுமதியோடுதான் ஓட்ட வேண்டும். அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்திருந்தால் அடுத்தவர் தட்டும் கடவுச்சொல்லை யாரும் ஒட்டுக்கேட்கலாம். பரிசோதனையைத் தொடங்க மிக நல்ல இடம் இதுதான். பொத்துவிலில் புறப்பட்ட பஸ் கல்முனைக்கு வந்து சேராவிட்டால் தரிப்பிடம் தரிப்பிடமாக விசாரிக்க மாட்டோம். அக்கரைப்பற்றைத் தாண்டியதா என்றுதான் முதலில் கேட்போம். இங்கே 50 தெரிந்தால் தடம், வயர், ட்ரைவர் மூன்றும் ஒரே அடியில் விடுதலை.

மவுஸுக்கும் இதே வழிதான். நோய்கள் மட்டும் வேறு. 1987இல் வந்த பிஎஸ்2 துவாரத்தின் மவுஸ் ஒவ்வொரு அசைவையும் மூன்று பைட்டாக அனுப்பும். சக்கரம் வைத்த மவுஸ் நான்காக. நான்கு அனுப்புவதை மூன்றாக எண்ணினாலோ, நடுவில் ஒரு பைட் தவறினாலோ, அசைவு கிளிக் ஆகிவிடும். அம்புக்குறி மூலைக்குப் பாயும். ‘டிமெசேஜ்’ கட்டளையைத் தட்டினால், ஒத்திசைவு போய்விட்டது, இத்தனை பைட்டை எறிகிறேன் என்று கேர்னலே எழுதிவைத்திருக்கும். யூஎஸ்பி மவுஸ் சற்று ஓய்ந்தபின் அசைய மறுத்து, கிளிக் செய்ததும் விழித்தால், மின்சாரம் மிச்சம்பிடிக்க அதைத் தூங்கவைத்திருக்கிறார்கள். அந்தத் துவாரத்தின் தானியங்கித் தூக்கத்தை நிறுத்தினால் சரி.

மூன்றாவது எண் 58. எக்ஸ் சாளர முறை 8க்குக் குறைந்த எண்களை விசைகளுக்குக் கொடுப்பதில்லை. அதனால் கேர்னல் தருவதோடு 8ஐக் கூட்டிக்கொள்கிறது. இதைக் காண ‘எக்ஸ்இவ்’, வேலண்டில் ‘டபிள்யூஇவ்’. 50 வந்தும் எழுத்து வராவிட்டால் டெஸ்க்டொப்பைச் சந்தேகிக்கலாம். அணுகல் வசதிகளை விசையாலேயே இயக்கலாம் என்று தெரிவு செய்திருந்தால், ஷிப்டில் எட்டு விநாடி விரல் ஊன்றியிருந்தாலே ‘மெதுவிசை’ விழித்துவிடும். பிறகு சட்டென்று தட்டுவது எதுவும் ஏறாது. கீபோட் செத்ததுபோலவே இருக்கும்.

கடைசி மாற்றத்தில்தான் நம்மூர்ச் சிக்கல். 58க்கு எந்த எழுத்து என்பதை விசைத்தள அட்டவணை சொல்கிறது. பாமினிப் பழக்கத்தில் அது ‘அ’; தமிழ்99இல் ‘ர’; இன்ஸ்கிரிப்டில் ‘ஸ’. எக்ஸ் அட்டவணைகளில் இலங்கைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் கிடைப்பது தமிழ்99 வகை. இலங்கையின் தரமோ பாமினியை ஒத்த ரெங்கநாதன் விசைப்பலகை. ஆகவே அகரம் கேட்டவருக்கு ரகரம் வரும். கருவியில் ஒரு பழுதும் இருக்காது.

அட்டவணையைத் திருத்தினாலும் தீராத ஒன்று உண்டு. தட்டச்சுப் பழக்கத்தில் ‘கெ’ எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோட் ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் சேமிக்கும். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் தெரிந்த அட்டவணைக்கு இரண்டையும் இடம் மாற்றத் தெரியாது. அதற்கு ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை வேண்டும். அவற்றுக்கான எம்17என் தொகுப்பில் இலங்கை ரெங்கநாதனுக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. ஒரு செயலியில் தமிழ் வந்து இன்னொன்றில் ஆங்கிலமே வந்தால், இரண்டாவதுக்கு ஐபஸ் இருப்பதே தெரியவில்லை. சூழல் மாறிகளைப் பாருங்கள்.

எல்லாம் சரியென்றால் கோப்பில் பதிவது 2949, யூனிகோட் அகரம். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தவரின் கோப்பில் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம்; ‘அம்மா’ என்று தேடினால் முதலாவது மட்டும் அகப்படும்.

கல்முனைக்கு அடுத்த தடவை போன் எடுக்கும்போது “50 வருது, 58 வருது, ஆனா ரகரம் விழுது” என்று சொல்லுங்கள். ரிப்பேர்காரர் பஸ் ஏறி வரத் தேவையில்லை.