கண்ணாடி மூலையில் ஒரு தேதி



அடுத்த முறை ஏதாவது காரில் ஏறும்போது ஜன்னல் கண்ணாடியின் மூலையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கட்டைவிரல் அளவுக்கு ஒரு முத்திரை இருக்கும். கம்பெனி பெயர், சில எழுத்துகள், சில எண்கள், சிலவற்றில் ஒன்றிரண்டு புள்ளிகள். நம்மில் பலர் அதைப் படித்ததே இல்லை. ஆனால் அமெரிக்காவில் பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் இந்த முத்திரைக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இன்று வாங்கிப் போட்ட கண்ணாடியில் 1967-ஆம் வருட முத்திரையைப் பொறிக்கலாமா? அது புதுப்பித்தலா, போலியா? (எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. இது வரலாற்று ஆர்வம் மட்டும்தான் :-))

முத்திரை எதற்காக வந்தது?

ஆரம்ப காலக் கார்களில் இருந்தது வீட்டு ஜன்னலில் போடும் சாதாரணக் கண்ணாடிதான். விபத்து நடந்தால் அது கத்தி கத்தியாக உடைந்து முகத்தைக் கிழிக்கும். 1903-இல் எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தன் ஆய்வகத்தில் ஒரு குடுவையைக் கீழே போட்டார். அது விரிசல் விட்டதே தவிர சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து, ஒரு மெல்லிய படலமாகக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இப்படி ஒரு படலத்தை வைத்து ஒட்டும் முறைக்கு 1909-இல் அவர் காப்புரிமை கேட்டார். கண்ணாடி, படலம், கண்ணாடி என்று மூன்று அடுக்கு. அதனால்தான் 'டிரிப்ளெக்ஸ்' என்று பெயர். 1927 டிசம்பரில் ஃபோர்டு அறிமுகப்படுத்திய மாடல் ஏ காரின் முன்பக்கக் கண்ணாடி இந்த வகைதான்.

இங்கே ஒரு சிக்கல். பாதுகாப்புக் கண்ணாடியும் சாதாரணக் கண்ணாடியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உடைந்தால்தான் வித்தியாசம் தெரியும். காரில் உட்காருகிறவர் உடைத்துப் பார்த்து வாங்க முடியுமா? அதனால்தான் மூலையில் எழுதி வைத்தார்கள். அதாவது, அந்த முத்திரை முதலில் ஒரு வாக்குறுதி.

பிறகு தரக் குறியீடுகளும் சேர்ந்தன. அமெரிக்கக் கண்ணாடியில் 'ஏ.எஸ்.1' என்று இருந்தால் முன்பக்கத்துக்கு ஏற்றது. 'ஏ.எஸ்.2' என்றால் முன்பக்கம் தவிர மற்ற இடங்களுக்கு. 1968 ஜனவரி 1 முதல் கார்க் கண்ணாடிக்கு மத்திய அரசின் பாதுகாப்பு விதியே (எண் 205) அங்கே நடைமுறைக்கு வந்தது.

தேதி சொல்லும் எழுத்துகள்

ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் 1930-இல் இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவானது லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு. சுருக்கமாக எல்.ஓ.எஃப். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பெரும்பாலும் இவர்களின் கண்ணாடிதான். முத்திரைக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்துகள் போடுவார்கள். ஒன்று மாதம், இன்னொன்று வருடம். 'என்' என்றால் ஜனவரி, 'எக்ஸ்' பிப்ரவரி, 'எல்' மார்ச், 'ஜி' ஏப்ரல். அகர வரிசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! இங்கிலாந்தின் டிரிப்ளெக்ஸ் கண்ணாடியில் எழுத்துகளுக்கு மேலும் கீழும் சின்னப் புள்ளிகள் வைத்துத் தேதியைச் சொன்னார்கள்.

தொழிற்சாலைக்குள் பயன்படுத்தவே இந்தக் குறிகள். பல வருடங்கள் கழித்து சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1974-இல் தொடங்கப்பட்ட தேசிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கம் ஒவ்வொரு பாகத்தையும் சோதித்து மதிப்பெண் போடுகிறது. கண்ணாடியின் தேதி, கார் முழுமையாகத் தயாரான தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். ரொம்ப முன்னாலும் போகக்கூடாது. 1967 ஏப்ரலில் தயாரான காரில் அந்த வருட மார்ச் மாதக் கண்ணாடி இருந்தால் சரி. ஜூலை மாதக் கண்ணாடி இருந்தால், அது பிறகு மாற்றியது என்று அர்த்தம். மதிப்பெண் போச்சு!

ஆனால் கண்ணாடியை மாற்றாமல் இருக்கவும் முடியாது. கல் பட்டு உடையும், வைப்பர் கோடு விழும். மாடல் ஏ காலத்து செல்லுலோஸ் படலம் வெயிலில் மஞ்சளாகிவிடும். அதனால் புதுக் கண்ணாடி போட்டு, பழைய முத்திரையைப் பொறிக்கும் வழக்கம் வந்தது. முத்திரை வடிவில் வெட்டிய தாளை ஒட்டி, கண்ணாடியை அரிக்கும் அமிலப் பசையைத் தடவிக் கழுவிவிடுவார்கள். மணலை வேகமாக ஊதிப் பொறிப்பதும் உண்டு. பக்கக் கண்ணாடிகள் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த டஃபண்ட் கிளாஸ் என்பதால் ஆழமாகப் போகக்கூடாது. மேல்பரப்பின் அழுத்த அடுக்கைத் தாண்டினால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகிவிடும்.

பொய் எங்கே தொடங்குகிறது?

பழைய எல்.ஓ.எஃப் கண்ணாடி பலவற்றில் 'சேஃப்டி பிளேட்' என்று இருக்கும். பிளேட் என்றால் கண்ணாடியை உருட்டித் தகடாக்கி, இரண்டு பக்கமும் தேய்த்து மெருகேற்றியது. 1959-இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம், உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிடும் முறையை அறிவித்தது. பிளேட் முறை மெல்ல ஓரங்கட்டப்பட்டது. இன்று வாங்கும் கண்ணாடி மிதவைக் கண்ணாடிதான். அதன் மேல் 'பிளேட்' என்று பொறித்தால் தேதி மட்டுமல்ல, செய்த முறையும் பொய்யாகிறது.

மூல ஆதாரத்தை எப்படிச் சோதிப்பது என்று நாம் வகுப்பில் படிக்கிறோம். இந்த முத்திரையும் ஒரு மூல ஆதாரம்தான். எந்தக் கார் எப்போது உருவானது, எது மாறவே இல்லை என்று சொல்லும் சாட்சி. எல்லோரும் தங்களுக்கு வேண்டிய தேதியைப் பொறித்துக்கொண்டால், மாறாமல் தப்பிப் பிழைத்த உண்மையான கண்ணாடியையும் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு உறுத்துவது இதுதான். காரை வாங்குகிறவருக்குப் பண நஷ்டம். வரலாற்றுக்கு ஆதார நஷ்டம்.

அதற்காக முத்திரையே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வெறும் கண்ணாடியோடு நிற்கும் கார், அந்தக் காலத்தில் இருந்த மாதிரி இல்லை என்பதும் உண்மைதானே? என் கருத்து இவ்வளவுதான். இன்றைய தரக் குறியை அழிக்கக்கூடாது, ஏனென்றால் உள்ளே உட்காருகிறவரின் உயிருக்கு அதுதான் வாக்குறுதி. பழைய முத்திரையைப் பொறித்தால், எப்போது பொறித்தது என்று காரின் ஆவணங்களில் எழுதி வைக்க வேண்டும். விற்கும்போது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் அது புதுப்பித்தல். மறைத்தால் போலி.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? பின்னூட்டத்தில் சண்டைக்கு வாருங்கள் :-)